கூடத்தின் சாவி யாரிடம்?

பள்ளிப்பட்டு பேருந்து நிலையத்தில் இறங்கி, "சுற்றுவட்டாரத்தில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். தென்கிழக்கே போனால் திருத்தணி முருகன். நேர் தெற்கே சோளிங்கர் நரசிம்மர். வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டினால் கார்வேட்டிநகரம் வேணுகோபால சுவாமி. கிழக்கே நகரி வழியாகப் போனால் நாராயணவனம் கல்யாண வெங்கடேஸ்வரர்.

தமிழில் கேட்டால் தமிழில் சொல்வார்கள். தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் சொல்வார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து சொல்பவர்களும் உண்டு. எல்லையோர ஊரின் சௌகரியம் அது.

இத்தனை இடங்களைச் சொல்பவர்கள், போகும் வழியில் ஒவ்வொரு ஊரிலும் இருக்கும் ஒரு கட்டிடத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். மஞ்சளோ வெளிர் பச்சையோ பூசிய சுவர், முன்னால் நாலு படி, மேலே திட்டத்தின் பெயரும் திறப்பு விழா நடந்த தேதியும் எழுதிய பலகை, கதவில் ஒரு பூட்டு. அதுதான் சமுதாயக் கூடம்.

அதைப் போய் யாராவது சுற்றிப் பார்ப்பார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வட்டாரத்தில் கல்லிலும் செம்பிலும் எழுதி வைத்திருக்கும் பழைய சங்கதிகளைப் படித்துவிட்டு வந்தால், அந்தப் பூட்டு வேறு மாதிரி தெரியும்.

நாலு சுவருக்குள் ஓர் ஊர்

சமுதாயக் கூடத்தின் அருமை, கையில் காசு குறைவாக இருக்கிற வீட்டுக்குத்தான் தெரியும்.

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை பக்கமெல்லாம் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. தறி ஓட்டும் குடும்பத்தில் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் என்றால், கல்யாண மண்டபத்து வாடகையைக் கேட்டதுமே பாதி சந்தோஷம் போய்விடும். வீட்டிலேயே வைக்கலாம் என்றால், இருக்கிற ஒரு கூடத்தைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். அப்போது கை கொடுப்பது சமுதாயக் கூடம்தான். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, காது குத்து, பதினாறாம் நாள் காரியம் என்று வீட்டுக்குள் அடங்காத நல்லதும் கெட்டதும் அங்கேதான் நடக்கும்.

விசேஷம் இல்லாத நாட்களிலும் அதற்கு வேலை இருக்கிறது. மருத்துவ முகாம் அங்கே. மகளிர் சுய உதவிக் குழுவின் கூட்டம் அங்கே. தேர்தல் வந்தால் சில ஊர்களில் வாக்குச்சாவடியும் அதுதான். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மின்விசிறியோடு ஓர் இடம் வேண்டுமென்றால், அதுவும் அங்கே கிடைக்கலாம்.

இந்தப் பகுதிக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. கொசஸ்தலை ஆறு ஆந்திரத்திலிருந்து பள்ளிப்பட்டு வழியாக வந்து பூண்டி ஏரிக்குப் போகிறது. வருஷத்தில் பல மாதம் மணலாகக் கிடக்கும் ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்து, மேலே கிருஷ்ணாபுரம் அம்மபள்ளி அணையைத் திறந்துவிட்டால் நிலைமையே மாறிவிடும். தரைப்பாலங்கள் மூழ்கும். அக்கரை ஊர்கள் தனித்துப் போகும். ஆற்றை ஒட்டிய தாழ்வான வீடுகளில் இருப்பவர்கள், கையில் குழந்தையும் தலையில் மூட்டையுமாக மேடான ஓர் இடத்தைத் தேடுவார்கள்.

அப்படி ஒரு ராத்திரியில், மின்சாரம் போன இருட்டில், கூடத்து வாசலில் நின்று ஒரு பெண் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

"அண்ணா, சாவி எங்க?"

"சாவி வச்சிருக்கவரு ஊருக்குப் போயிருக்காரும்மா."

இது ஒரு குறிப்பிட்ட ஊரின் கதை இல்லை. எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. கூடம் கட்டப் பணம் வந்துவிடும். சட்டமன்ற உறுப்பினர் நிதியில் வரலாம், நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் வரலாம். ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் 'நமக்கு நாமே' திட்டத்திலும் வரலாம். கட்டி முடித்த பிறகு யார் பெருக்குவது, கரண்ட் பில் யார் கட்டுவது, வாடகை எவ்வளவு, அந்தப் பணம் எந்த நோட்டில் ஏறுகிறது, சாவி யாரிடம் என்ற ஐந்து கேள்விக்கும் பதில் இல்லாத ஊரில், திறப்பு விழாவுக்குப் பிறகு பூட்டு துருப்பிடிக்க ஆரம்பிக்கும்.

இங்கிலாந்துக் கிராமத்தில் ஒரு கூடம்

கடல் தாண்டியும் இதே கதை உண்டு. இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் பத்தாயிரத்துக்கும் அதிகமான ஊர்க் கூடங்கள் இருக்கின்றன. அவற்றில் கணிசமானவை முதல் உலகப் போருக்குப் பிறகு கட்டப்பட்டவை. போருக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் நினைவாக, சிலைக்குப் பதிலாக ஊருக்குப் பயன்படும் ஒரு கூடத்தைக் கட்டுவோம் என்று பல ஊர்கள் முடிவு செய்தன. ராணுவம் பயன்படுத்திவிட்டு விற்ற மரக் குடில்களை வாங்கி வந்து நிறுத்திக் கூடமாக்கிக்கொண்ட ஊர்களும் உண்டு.

பெரும்பாலான கூடங்களை அந்தந்த ஊர்க்காரர்களே சம்பளம் இல்லாமல் நடத்துகிறார்கள். ஒரு குழு இருக்கும். வாடகைக் கணக்கு இருக்கும். கூரை ஒழுகினால் கேக் விற்றும், குலுக்கல் நடத்தியும், நாடகம் போட்டும் பணம் திரட்டுவார்கள். நாற்காலி அடுக்குவதிலிருந்து தேநீர்க் கோப்பை கழுவுவது வரை யாராவது ஒருவர் முறை வைத்துச் செய்வார். அந்த ஊரைப் பார்க்க வருபவர், பழைய தேவாலயத்தையும் கோட்டையையும் பார்த்துவிட்டு, கூடத்தில் ஒரு தேநீர் குடித்துவிட்டுத்தான் போவார்.

அவர்கள் ஊர் அப்படி, நம் ஊர் இப்படி என்று பெருமூச்சு விடத் தேவையில்லை. நம் ஊரிலும் இந்த வழக்கம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. கட்டிடம்தான் வேறு.

சிமென்டுக்கு முன்னால்

சமுதாயக் கூடம் என்ற பெயர் வருவதற்கு முன்னால் ஊர் எங்கே கூடியது? ஆலமரத்தடியில், அரசமரத்து மேடையில், சாவடியில், கோயில் மண்டபத்தில். இந்தப் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. அது திரௌபதி அம்மன் கோயில் திடல்.

வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வந்துவிட்டால், ஊரே பாரதத்துக்குள் போய்விடும். பகலில் பாரதச் சொற்பொழிவு. இரவில் கட்டைக் கூத்து. அர்ஜுனன் தபசு நாளில் உயரமான தபசு மரம் நடுவார்கள். வேஷம் கட்டியவர் பாடிக்கொண்டே அதன் மேல் ஏறி, எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் கீழே வீசுவார். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். கடைசியில் களிமண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தோடு படுகளம். அன்று மாலை தீமிதி.

அந்தத் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி போடுவார்கள். வசூலை நோட்டில் எழுதுவார்கள். விழா முடிந்ததும் வரவு செலவை ஊரார் முன்னால் வாசிப்பார்கள். கணக்கில் பத்து ரூபாய் உதைத்தாலும் அன்றைக்கு நடக்கிற பேச்சு, ராத்திரி நடந்த கூத்தையே தோற்கடிக்கும். படிக்காத பெரியவர்கூட, "அந்த பந்தல்காரனுக்குக் கொடுத்தது எவ்வளவு, இன்னொரு தரம் படி" என்பார்.

பொதுப் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம் எவ்வளவு பழையது என்று பார்க்கத்தான் இனி ஊர் சுற்றப் போக வேண்டும்.

அரசன் எழுதிய வெண்பா

முதலில் திருத்தணி. பள்ளிப்பட்டிலிருந்து பேருந்தில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு மின்சார ரயில் இருக்கிறது.

மலை ஏற 365 படிகள். வருஷத்து நாளுக்கு ஒரு படி என்று கணக்குச் சொல்வார்கள். டிசம்பர் 31 அன்று நடக்கும் படித் திருவிழாவில், ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே பஜனைக் குழுக்கள் மேலே ஏறும். முட்டி வலிக்காரர்களுக்கு மலை மேல் வரை சாலை உண்டு.

முருகனைப் பார்த்துவிட்டு இறங்குபவர்களில் பெரும்பாலானோர் நேரே பேருந்து நிலையத்துக்குப் போய்விடுவார்கள். கீழே, நந்தியாற்றங்கரையில் இருக்கும் வீரட்டானேஸ்வரர் கோயிலுக்குத் திரும்புபவர்கள் குறைவு. சின்னக் கோயில்தான். கருவறையின் பின்பக்கம், யானை படுத்திருப்பதைப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்று அந்த அமைப்புக்குப் பெயர். பல்லவர்களின் கடைசிக் கட்டத்தில், 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அபராஜிதவர்மன் ஆட்சியில் கல்லால் எடுக்கப்பட்டது.

அதைக் கட்டியவன் அரசன் இல்லை. நம்பி அப்பி என்ற ஒருவர். அவர் இந்தக் கோயிலைக் கட்டினார் என்று ஒரு வெண்பா கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அந்த வெண்பாவைப் பாடியது அரசனே என்றும் அங்கே எழுதியிருக்கிறது.

இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கலாம். ஊர்க்காரர் ஒருவர் ஒரு நல்ல காரியம் செய்கிறார். நாட்டை ஆளும் அரசன் உட்கார்ந்து, அவருக்காக ஒரு வெண்பா எழுதுகிறான். கட்டியவர் பெயர் வேறு, பாடியவர் பெயர் வேறு என்று இரண்டும் தெளிவாகக் கல்லில் இருக்கின்றன. இன்றைக்கு நம் கூடத்துக் கல்வெட்டில் திறந்து வைத்தவர், முன்னிலை, தலைமை, வாழ்த்துரை எல்லாம் இருக்கும். இடம் கொடுத்தவர் பெயரும், கல் சுமந்தவர் பெயரும் இருக்குமா?

திருத்தணிக்குப் பக்கத்தில் வேலஞ்சேரி என்று ஓர் ஊர். 1977-இல் அங்கே இரண்டு தொகுதி செப்பேடுகள் கிடைத்தன. ஒன்று பல்லவ அபராஜிதனுடையது. இன்னொன்று அவனுக்குப் பின் இந்தப் பகுதிக்கு வந்த சோழன் முதலாம் பராந்தகனுடையது. அபராஜிதனின் ஏடு, திருத்தணி மலை முருகனுக்கு நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் பத்திரமாக இருந்த பத்திரம் அது. ஆட்சி மாறியது, அரச குலம் மாறியது. யார் எதைக் கொடுத்தார்கள் என்ற எழுத்து மட்டும் அழியவில்லை.

அந்தக் காலத்தில் விளக்கெரிக்கப் பொன்னோ நிலமோ கொடுப்பவர்கள், பெரும்பாலும் அதை ஊர்ச் சபையாரிடம் ஒப்படைப்பார்கள். சபையார் பெற்றுக்கொண்டு, சந்திர சூரியர் உள்ளவரை இந்த விளக்கை எரிப்போம் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஒருவர் கொடுத்த பணத்துக்கு ஊரே பொறுப்பு.

எல்லைக் கோடும் ஒரு கூட்டமும்

திருத்தணியும் பள்ளிப்பட்டும் தமிழ்நாட்டின் வரைபடத்தில் இருப்பதே, ஜனங்கள் கூடிப் பேசியதால்தான் என்று சொல்லலாம்.

1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது, சித்தூர் மாவட்டம் அதனோடு போனது. திருத்தணியும் பள்ளிப்பட்டும் அந்த மாவட்டத்தில் இருந்தன. தமிழ் பேசுவோர் அதிகமுள்ள பகுதிகள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ம.பொ.சி. தலைமையில் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தியது. ஊர் ஊராகக் கூட்டம், மறியல், சிறை. கடைசியில் படாஸ்கர் என்ற நடுவரின் முடிவுப்படி 1959-இல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. சத்தியவேடு பக்கம் அப்படிப் போனதுதான்.

கோடு போட்டதும் உறவு அறுந்துவிடவில்லை. பள்ளிப்பட்டுப் பெண்ணை நகரிக்குக் கொடுப்பார்கள். கார்வேட்டிநகரத்து மாப்பிள்ளை பொதட்டூர்பேட்டைக்கு வருவார். அந்தக் கார்வேட்டிநகரத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம். ஒரு காலத்தில் பெரிய ஜமீன். வேணுகோபால சுவாமி கோயிலும், ஸ்கந்த புஷ்கரணி என்ற அகன்ற குளமும் அங்கே பார்க்க வேண்டியவை. அந்தக் கண்ணன் மேல் சாரங்கபாணி பாடிய தெலுங்குப் பதங்கள் நாட்டியக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தெற்கே சோளிங்கர். யோக நரசிம்மரைப் பார்க்க 1305 படிகள் ஏற வேண்டும். சோளிங்கருக்கு இன்னொரு பழைய நினைவும் உண்டு. 1781 செப்டம்பர் 27-இல் ஹைதர் அலியின் படையும், அயர் கூட் தலைமையிலான ஆங்கிலேயர் படையும் இங்கே மோதின. ஹைதர் பின்வாங்கினார். அரசர்களும் கம்பெனிக்காரர்களும் வந்து சண்டை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஏரியைத் தூர் வாருவதும், மதகைத் திறப்பதும், தகராறைத் தீர்ப்பதும் அதற்கு முன்னும் பின்னும் ஊர்க்காரர்கள் தலையில்தான் இருந்தன.

அந்த வேலைகளை ஊர் எப்படிப் பங்கு போட்டுக்கொண்டது என்பதற்குத் தெளிவான சாட்சி, கொஞ்சம் தள்ளி, உத்திரமேரூரில் இருக்கிறது. ஒரு நாள் பயணமாகப் போய் வரலாம்.

விரித்த ஐந்து விரல்கள்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் சுவரில் முதலாம் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வேலஞ்சேரியில் செப்பேடு கிடைத்ததே, அதே பராந்தகன்தான். ஆண்டு 919, 921. அன்றைய சபை கூடிய மண்டபமே இந்த இடம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதாவது, ஒரு சமுதாயக் கூடத்தின் சுவரிலேயே அதை நடத்தும் சட்டத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு ஓர் ஓலையை எடுக்கச் சொல்வார்கள். அதை வாங்குபவர், ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாதல்லவா? பிறகு சத்தமாகப் படிக்க வேண்டும்.

இப்படித் தேர்ந்தெடுத்தவர்களில் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்.

யார் நிற்கக் கூடாது என்ற பட்டியல்தான் இன்னும் சுவாரசியம். ஏற்கெனவே வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக் கூடாது. அப்பா கணக்குக் காட்டாவிட்டால் பிள்ளைக்கும் இடமில்லை. முந்தைய மூன்று வருஷத்தில் பதவியில் இருந்தவருக்கும் இடமில்லை. ஒருவர் கையிலேயே சாவி தங்கிவிடக் கூடாது என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் யோசித்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு நாம் மார்தட்டிக்கொள்வது வழக்கம். கூடவே அந்தக் கல்வெட்டின் இன்னொரு பக்கத்தையும் படிக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். 35 வயதுக்கு மேல், 70-க்குள். அது பிராமணர் ஊரின் சபை. வயலில் இறங்கி உழுதவருக்கும், அந்த ஏரியில் மண் சுமந்தவருக்கும், எந்த வீட்டுப் பெண்ணுக்கும் ஓலையில் பெயர் எழுதப்படவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. எல்லோருக்கும் இல்லை.

இரண்டு கூடங்கள்

அந்தக் குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை. தமிழ்நாட்டின் பல கிராமங்களில் ஊருக்குள் ஒரு கூடம், காலனியில் ஒரு கூடம் என்று இரண்டு இருக்கும். சட்டப்படி இரண்டும் எல்லோருக்கும் பொது. நடைமுறையில் யார் எங்கே இலை போடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. பொதுக் கூடத்தில் விசேஷம் வைக்கலாமா என்று கேட்கப் போனவரிடம், "அன்னிக்கு வேற ஒருத்தர் கேட்டிருக்காங்களே" என்று பதில் வருவதும், அந்த வேறொருத்தர் கடைசி வரை வராமலே போவதும் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதிது இல்லை.

அதனால்தான் இன்றைய கிராம சபை, உத்திரமேரூரைவிட ஒரு படி மேலே நிற்கிறது. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், அவர் கிராம சபையின் உறுப்பினர். நிலம் வேண்டாம், படிப்பு வேண்டாம், சாதி கேட்கக் கூடாது. உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் அதை நடத்தக் கூடாது என்று அதிகாரிகள் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவார்கள். காரணம் எளிது. கோயிலுக்குள் வரத் தயங்குபவர் ஒருவர் ஊரில் இருக்கலாம். வேறு மதத்துக்காரர் இருக்கலாம். எல்லோரும் தயக்கமில்லாமல் கால் வைக்கிற இடமாக அது இருக்க வேண்டும்.

அப்படி ஓர் இடம் ஊரில் எது? சமுதாயக் கூடம்தான். பூட்டு திறந்திருந்தால்.

ஒரு நோட்டும் இரண்டு சாவியும்

கூடத்தை உயிரோடு வைத்திருக்கப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. நன்றாக நடக்கும் கூடங்களில் பொதுவாகக் காண்பது நாலே விஷயம்.

சாவி இரண்டு பேரிடம் இருக்கும். அதில் ஒருவர் கூடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் நல்லது. இருவருடைய போன் நம்பரும் கதவிலேயே எழுதியிருக்கும்.

வாடகை எவ்வளவு என்பது சுவரில் இருக்கும். ஆளைப் பார்த்து மாறாது. யார் எந்தத் தேதிக்குக் கேட்டார்கள் என்பது ஒரு நோட்டில் வரிசையாக இருக்கும். அந்த நோட்டை யாரும் வாங்கிப் பார்க்கலாம்.

வரவு செலவு, கிராம சபை நாளில் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படும். திரௌபதி அம்மன் திருவிழாக் கணக்கைக் கேட்கிற அதே பிடிவாதத்தோடு இதையும் கேட்க வேண்டும். சாமி கணக்குக்கு மட்டும்தான் ரோஷம் வரும் என்றால் எப்படி?

வாரத்தில் இரண்டு நாளாவது, விசேஷம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கூடம் திறந்திருக்கும். பிள்ளைகள் படிக்கட்டும். பெரியவர்கள் பேப்பர் பார்க்கட்டும். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் பூட்டு துருப்பிடிக்காது, சீட்டாட்டமும் சேராது.

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை மாதிரி பேரூராட்சிகளில் கிராம சபை கிடையாது என்று சிலர் சும்மா இருந்துவிடுவார்கள். பேரூராட்சியிலும் வார்டு உறுப்பினர் இருக்கிறார், செயல் அலுவலர் இருக்கிறார். கூடத்தின் கணக்கை அங்கேயும் கேட்கலாம்.

போய்விட்டு வரும்போது

இந்த விடுமுறைக்குத் திருத்தணி போகிறவர்கள், மலையிலிருந்து இறங்கியதும் நந்தியாற்றங்கரைக்கு ஒரு நடை போகலாம். கூட்டம் இருக்காது. பிள்ளைகளைக் கோயிலின் பின்பக்கம் அழைத்துப் போய், யானை முதுகுபோல் வளைந்த சுவரைக் காட்டலாம். இதைக் கட்டியவர் பெயர் நம்பி அப்பி, அவரைப் பாடியவர் ஒரு ராஜா என்று சொன்னால், அவர்கள் கேட்கிற அடுத்த கேள்வியே நல்ல பாடமாக இருக்கும்.

மாலையில் பள்ளிப்பட்டுப் பக்கம் திரும்பும்போது வழியில் ஏதாவது ஓர் ஊரின் சமுதாயக் கூடம் கண்ணில் படும். உள்ளே வெளிச்சமும் வாசலில் செருப்புகளும் இருந்தால் அந்த ஊர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எல்லாத் தெருவின் செருப்பும் அங்கே கலந்து கிடந்தால், உத்திரமேரூர்க் கல்வெட்டில் விட்டுப்போன வரியை அந்த ஊர் எழுதிவிட்டது என்று அர்த்தம்.

பூட்டியிருந்தால், பக்கத்துக் கடையில் ஒரு டீ சொல்லிவிட்டுக் கேட்டுப் பாருங்கள், சாவி யாரிடம் என்று. அது உங்கள் சொந்த ஊராக இருந்தால், பதில் கிடைக்கும் வரை கேளுங்கள். ஐப்பசி மழை வருவதற்குள் தெரிந்துகொள்வது நல்லது.